மக்க வைக்கிற டாய்லெட் நெருக்கடியான ஏரியாவுக்கு சரிப்படுமா? அடிக்கடி கேக்குற கேள்விகள்

தண்ணி ஊத்தாம, சாம்பல் போட்டு மலத்தை எருவாக்குற டாய்லெட் பத்தி எங்க பேசினாலும் அதே கேள்விங்க தான் சுத்தி சுத்தி வருது, அதான் எல்லாத்துக்கும் ஒரே எடத்துல பதில் போட்டு வைப்போம்னு எழுதறேன். தோட்டம் தொரவுன்னு வசதியா இருக்குறவங்க இதை எப்படியும் வச்சுக்கலாம், அவங்களுக்காக இல்ல இது. பாதாள சாக்கடை வராத தெரு, ஆத்தோரக் குடியிருப்பு, ரெண்டு சென்ட்ல மூணு குடும்பம் இருக்குற எடம், இங்கெல்லாம் இது ஓடுமாங்கறது தான் பேச்சு. சாப்டுட்டு இருந்தீங்கன்னா கை கழுவிட்டு வந்து படிங்க.

இது எப்படி இருக்கும்? சாதா டாய்லெட் மாதிரியா?

நம்ம பக்கம் ஈகோசான் டாய்லெட்னு சொல்வாங்க. குழி தோண்ட மாட்டாங்க, தரைக்கு மேல தான் ரெண்டு அறை, அடியில சிமெண்ட் தளம், தண்ணி உள்ள போகவும் கூடாது வெளிய கசியவும் கூடாது. நாலஞ்சு படி ஏறிப் போனா உக்கார்ற எடத்துல முன்னாடி ஒன்னுக்கு போக ஒரு சின்ன பள்ளம், அதுல இருந்து பைப் வெளிய ஒரு கேனுக்குப் போகும். நடுவுல ஓட்டை, அதுக்கு கைப்பிடி வச்ச ஒரு மூடி. கால் கழுவ தனி எடம், கொஞ்சம் நகர்ந்து உக்காரணும். மூலையில ஒரு டின்னுல சாம்பல், அள்ளிப்போட ஒரு கொட்டாங்குச்சி. போய் முடிச்சதும் ஒரு கொட்டாங்குச்சி சாம்பல் ஓட்டைக்குள்ள, மூடியப் போடு, அவ்ளோ தான். ஒரு அறை நிறைஞ்சா அதை மூடிட்டு அடுத்த அறைய தொறப்பாங்க, அது நிறையறதுக்குள்ள மொதல் அறையில இருக்கறது காஞ்சு மண்ணு மாதிரி ஆகிடும்.

ரெண்டு அறை யோசனை வியட்நாம்ல 1950-கள்லயே பரவினது. ஆனா அங்க கழுவுற பழக்கம் கிடையாது. கழுவறவங்களுக்கு ஏத்த மாதிரி தனி எடம் வச்சு மாத்தினது 1990-கள்ல, திருவனந்தபுரம் பக்கத்து மீனவர் ஊர்ல பால் கால்வர்ட்ங்கற இங்கிலாந்து என்ஜினீயர் பண்ணது. கடலோரத்துல ரெண்டடி தோண்டினா தண்ணி வந்துரும், குழி டாய்லெட்டே அங்க வேலைக்கு ஆகாது.

செப்டிக் டேங்க் கட்டிட்டா போதாதா? எதுக்கு இந்த வம்பு?

முறையா கட்டின செப்டிக் டேங்க், கூட ஒரு உறிஞ்சு குழி, சரியான நேரத்துல லாரி வந்து எடுத்துட்டு சுத்திகரிப்பு நிலையத்துல கொட்டுது, இப்படி இருந்தா தாராளமா போதும், அதை விட்டுட்டு இதுக்கு வாங்கன்னு நான் சொல்லவே மாட்டேன். ஆனா நெருக்கமான ஏரியாவுல செப்டிக் டேங்க்னு சொல்றது பாதி எடத்துல ரெண்டு உறைய எறக்கி மேல ஒரு மூடி போட்டது தான், அடியில கான்கிரீட்டும் கிடையாது ஒன்னும் கிடையாது, இல்லன்னா டேங்க்ல இருந்து ஒரு பைப் நேரா மழைத்தண்ணி வாய்க்கால்ல போகும். பத்தடி தள்ளி அடி பம்பு. அந்த சந்துக்குள்ள கழிவுநீர் லாரியோட ஹோஸ் வராது, வந்தாலும் எடுத்த சரக்கை ஊருக்கு வெளிய ஏரியிலயோ வயல்லயோ விட்டுட்டுப் போறது எல்லாரும் பாத்தது தான்.

இன்னொன்னு, டேங்க்ல விஷவாயு. எறங்கி செத்தவங்க குடும்பத்துக்கு 10 லட்சம் குடுக்கணும்னு உச்ச நீதிமன்றம் 2014-ல சொன்னுச்சு, 2023-ல அதை 30 லட்சம் ஆக்குச்சு, தொகை ஏறுதே தவிர எறங்கறது நிக்கல. காஞ்ச அறை டாய்லெட்ல அந்த ஆபத்து இல்ல, தரைக்கு மேல இருக்கறதால பின்பக்கம் ஒரு கதவத் தொறந்து வெளிய நின்னே எடுத்துடலாம். இந்த ஒரு விஷயத்துக்காகவே இதை சீரியஸா பாக்கணும்னு எனக்குத் தோணும்.

நாறுமா நாறாதா, உண்மைய சொல்லுங்க.

மூத்திரமும் மலமும் தண்ணியும் ஒன்னா கலந்தா தான் நாத்தம், தனித்தனியா போனா பெருசா வராது. சாம்பல் ஈரத்தை உறிஞ்சுக்கும், மேல ஒரு வென்ட் பைப் இருக்கும். ஆனா ஒருத்தர் தெரியாம நடு ஓட்டையில ஒரு சொம்பு தண்ணிய ஊத்திட்டா போச்சு, ஒரு வாரத்துக்கு அந்தப் பக்கம் போக முடியாது, ஈ மொய்க்கும், புழு வரும். வீட்டு டாய்லெட்ல விருந்தாளி வந்தா தான் இந்தப் பிரச்சினை. பொது டாய்லெட்ல தினமும் புதுசா யாராவது வருவாங்க, அதனால ஆள் இல்லாம பொது ஈகோசான் டாய்லெட்ட நடத்தவே முடியாது, வாசல்ல ஒருத்தர் சம்பளத்துக்கு உக்காந்து இருக்கணும்.

எங்க வீட்ல கேஸ் அடுப்பு. சாம்பலுக்கு எங்க போறது?

நல்ல கேள்வி, டவுன்ல இதுல தான் மொதல்ல இடிக்கும். வெறகடுப்பு இருந்த காலத்துல சாம்பல் இனாம். இப்போ ரைஸ்மில் உமிச்சாம்பல், செங்கல் சூளை சாம்பல், மர மில்லு தூள், தென்னை நார்க்கழிவு, இதுல எது பக்கத்துல மலிவா கெடைக்குதோ அதை மூட்டையா வாங்கி வீடு வீடா குடுக்க ஒரு ஏற்பாடு வேணும். இதுல ஒரு வித்தியாசம் இருக்கு. சாம்பலும் சுண்ணாம்பும் மலத்தை காய வைக்கும், காரத்தன்மைய ஏத்திக் கிருமிய கொல்லும், ஆனா சூடேறி மக்கறது நடக்காது. மரத்தூள், நார்க்கழிவு, கரும்புச் சக்கை மாதிரி சரக்கு போட்டா அதை வெளிய எடுத்துட்டுப் போய் குவிச்சு சூடு ஏத்தி கம்போஸ்ட் பண்ணலாம். எந்த வழின்னு மொதல்லயே முடிவு பண்ணிட்டு அதுக்கேத்த தூள் போடணும்.

முசிறியில டாய்லெட் போனா காசு குடுத்தாங்களாமே, நெஜமா?

நெஜம் தான். திருச்சிக்கு மேக்க, காவிரி வடகரையில முசிறி, எதிர்க்கரையில குளித்தலை. ஆத்தங்கரை ஊர், நிலத்தடி நீர் மேலயே நிக்கும், வாழையும் நெல்லும் கோரையும் வெளையற பூமி, குழி டாய்லெட் தோண்டினா அந்த அழுக்கு நேரா கெணத்துக்குத் தான் போகும். அங்க ஸ்கோப்னு ஒரு தொண்டு நிறுவனம் 2000-க்கு அப்புறம் சுத்துப்பட்டு ஊர்கள்ல வீட்டு ஈகோசான் டாய்லெட் கட்ட ஆரம்பிச்சாங்க, அதை நடத்தினவர் சுப்புராமன், 2021-ல பத்மஸ்ரீ வாங்கினார். வீட்ல எடமே இல்லாதவங்களுக்காக முசிறி டவுனுக்குள்ள சாலியர் தெருவுல ஒரு பொது ஈகோசான் டாய்லெட்டும் கட்டினாங்க, ஆம்பளைங்களுக்கு தனி, பொம்பளைங்களுக்கு தனி.

2008-ல இருந்து, ஒரு தடவ போனா 10 பைசான்னு கார்டுல குறிச்சு மாசக் கடைசில குடுத்தாங்க. மாசம் முழுக்க போனாலும் ஒரு டீக்காசு தேறுமான்னு கேட்டா, தேறாது தான். ஆனா அப்போ பஸ் ஸ்டாண்ட் கக்கூஸ்ல நாம தான் காசு குடுத்துட்டு மூக்கப் பொத்திக்கிட்டு போயிட்டு இருந்தோம், இங்க எருவும் மூத்திரமும் சரக்கு, அதை தர்ற ஆளுக்கு காசுன்னு கணக்கையே தலைகீழா ஆக்கினாங்க. வெளிநாட்டு பேப்பர்ல எல்லாம் வந்துச்சு. பேப்பர்காரங்க பத்து பைசாவ மட்டும் எழுதிட்டுப் போயிட்டாங்க, எனக்கு முக்கியமா பட்டது வேற. அங்க தெனமும் கழுவி, சாம்பல் நிரப்பி, கேன் மாத்த ஆள் இருந்தது, சுத்தி வயக்காடு இருந்தது. சென்னையில ஒரு கூவம் கரை குடியிருப்புல அதே கட்டடத்தை அப்படியே கட்டினா கேனை யார் எந்த வயலுக்குத் தூக்கிட்டுப் போவாங்க?

மனுசன் மலத்தை மனுசன் அள்றது தானே இது? அதை ஒழிக்கத்தானே சட்டம் வந்துச்சு?

இந்தக் கேள்விய கேக்காம இந்த டாய்லெட்ட விக்க வர்றவங்கள நம்பாதீங்க.

2013-ல வந்த சட்டத்துல, மலம் முழுசா மக்கறதுக்கு முன்னாடி அதை மனுசக் கையால அள்ள வேண்டி வந்தா அது சுகாதாரமில்லாத கழிப்பறை, அள்ற வேலைக்கு ஆள் வைக்கறது குற்றம். அதாவது ஒரு வருஷம் மூடி வச்சு முழுசா மக்கின எருவ எடுக்கறது அந்த வகையில வராது. காகிதத்துல இது சரி. நெஜத்துல என்ன நடக்கும்னா, ஆறு பேர் இருக்குற வீட்ல பன்னெண்டு பேர் போவாங்க, அறை நாலு மாசத்துலயே நிறைஞ்சுடும், அடுத்த அறையும் நிறைஞ்சிருக்கும், அப்போ மக்காததையே எடுக்க வேண்டி வரும், அந்த நேரத்துல வீட்டுக்காரர் எந்தத் தெருவுல இருந்து ஆள் கூப்பிடுவார்னு நம்ம ஊர்ல வளந்த யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டாம். எந்த சாதி காலங்காலமா இந்த வேலையில தள்ளப்பட்டுச்சோ அதே சாதிக்காரங்க கைக்கு ஈகோசான்ங்கற புதுப்பேர்ல திரும்ப வந்துடும்.

அதனால அறையோட அளவு, எத்தனை பேர் போறாங்க, எத்தனை மாசம் மூடி இருக்கும், இந்தக் கணக்கு தான் இதுல உயிர்நாடி. மக்கினதான்னு எப்படித் தெரியும்னா, தொறந்தா உலர்ந்து சாம்பல் கலர்ல பொலபொலன்னு இருக்கணும், மண்வெட்டி போட்டா ஒட்டக்கூடாது, மண்வாசனைய தவிர வேற வாடை இருக்கக்கூடாது. ஈரமா கட்டியா இருந்தா மூடிட்டு திரும்பி வந்துடணும். நகரத்துல இதை கூலிக்கு கூப்பிட்ட ஆள் கிட்ட விடக்கூடாது, நகராட்சியோ கம்பெனியோ யூனிஃபார்ம், கையுறை, பிஎஃப், மூடி போட்ட வண்டியோட வேலையா எடுத்து நடத்தணும், வேலைக்கு எல்லா சாதியிலயும் ஆள் எடுக்கணும். இது முடியாதுன்னா அந்த ஏரியாவுல இதை கட்டாம இருக்கறதே நல்லது. நான் இதுல கறார்.

கிருமி எல்லாம் செத்துடுமா?

காலரா, டைஃபாய்டு கிருமிங்க காஞ்ச எடத்துல ரொம்ப நாள் தாக்குப்பிடிக்காது. உருண்டைப் புழு முட்டை தான் அடங்காத ஜென்மம். உலக சுகாதார நிறுவனம் 2006-ல வெளியிட்ட வழிகாட்டியில, நம்ம மாதிரி சூடான ஊருக்கு வெறுமனே மூடி வைக்கறதுன்னா ஒரு வருஷத்துக்கு மேலன்னு இருக்கு, சாம்பல் சுண்ணாம்பு போட்டு பிஹெச் (காரத்தன்மைய காட்டற அளவு) 9-க்கு மேல வச்சிருந்தா ஆறு மாசத்துக்கு மேல, அதுவும் சரக்கு நல்லா காஞ்சு 35 டிகிரிக்கு மேல சூடா இருந்தா. சூடேத்தி கம்போஸ்ட் பண்ணா குவியல் 50 டிகிரிக்கு மேல ஒரு வாரமாவது நிக்கணும், ஓரத்துல இருக்கறதையும் நடுவுக்குப் புரட்டிப் போடணும். அப்படி வந்த எருவையும் கீரைக்கும் கேரட்டுக்கும் போடாதீங்க, வாழை, தென்னை, மரக்கன்னுக்குப் போடுங்க. கைய சோப்பு போட்டு கழுவாத வீட்ல எந்த டாய்லெட் வச்சும் வயித்துப்போக்கு நிக்காது, அது வேற விஷயம்.

அவ்ளோ மூத்திரத்தை என்ன பண்றது?

எல்லாரும் மலத்தையே யோசிப்பாங்க, ஆனா பாரம் மூத்திரத்துல தான். ஒரு ஆள் வருஷத்துக்கு சுமார் 50 லிட்டர் மலம், 500 லிட்டர் மூத்திரம். அஞ்சு பேர் வீடுன்னா 2500 லிட்டர், அதாவது 200 லிட்டர் பேரல்ல பன்னெண்டுக்கு மேல. உரச்சத்தும் அதுல தான், தழைச்சத்துல பெரும்பங்கு மூத்திரத்துல போயிடுது. பெங்களூரு விவசாயப் பல்கலைக்கழகத்துல மக்காச்சோளத்துக்கும் வாழைக்கும் போட்டுப் பாத்து ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க, முசிறி பக்கமும் வாழைக்கு விட்டாங்க. கேனை மூடி சில மாசம் வச்சிருந்து, தண்ணி கலந்து, செடியோட தூர்ல ஊத்தாம கொஞ்சம் தள்ளி மண்ணுல விட்டு மூடணும், இல்லன்னா அமோனியா பறந்துரும், வாடையும் தூக்கும்.

டவுன்ல பன்னெண்டு பேரலை சுமந்துட்டுப் போற லாரி வாடகைக்கு யூரியாவே வாங்கிடலாம். அதனால நெருக்கமான ஏரியாவுல மூத்திரத்தை உறிஞ்சு குழிக்கோ செடிப் பாத்திக்கோ விட்டுடறாங்க, அது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன், குடிதண்ணி கெணறு பக்கத்துல இல்லாம பாத்துக்கிட்டா சரி.

எங்களுக்கு ரெண்டு அறை கட்ட எடமே இல்ல. வாடகை வீடு வேற.

அப்போ அறை கட்டற மாடல் ஒத்து வராது, டப்பா மாடல் தான். ஹெய்ட்டி நாட்டுல கேப் ஹெய்ஷியன்னு ஒரு ஊர், அங்க சாயில்ங்கற நிறுவனம் நடத்தறது தான் இதுக்கு நல்ல உதாரணம். வீட்டுக்குள்ள வைக்கிற மரப்பெட்டி சைஸ் டாய்லெட், உள்ள மூடி போடற ஒரு வாளி, மூத்திரம் தனியா போயிடும். கரும்புச் சக்கையும் நிலக்கடலைத் தோலும் அரைச்ச தூள் ஒரு பக்கெட். வாரத்துக்கு ஒரு தடவ ஆள் வந்து நெறஞ்ச வாளிய மூடி எடுத்துட்டு காலி வாளியும் புதுத் தூளும் வச்சுட்டுப் போவாங்க, வீட்டுக்காரங்க மாசக் கட்டணம் கட்டுவாங்க. சந்துக்குள்ள தள்ளுவண்டி, ரோட்டுக்கு வந்ததும் லாரி, ஊருக்கு வெளிய பெரிய தொட்டியில போட்டு சூடேத்தி மாசக்கணக்குல மக்க வச்சு எருவா விக்கறாங்க. டாய்லெட் அந்த நிறுவனத்தோடது, தூக்கிட்டுப் போகக்கூடியது, வீட்டு ஓனர் கிட்ட கெஞ்ச வேண்டாம்.

அந்த நாட்டுக்கு ஏன் இது இவ்ளோ முக்கியம்னா, 2010 அக்டோபர்ல அங்க காலரா வந்துச்சு, அதுவும் ஐ.நா. அமைதிப்படை முகாம்ல இருந்து ஆத்துல கலந்த கழிவுல இருந்து. எட்டு லட்சம் பேருக்கு மேல நோய், பத்தாயிரம் பேர் கிட்ட செத்தாங்க. தலைநகர் போர்ட் ஒ பிரின்ஸ்ல கூட பாதாள சாக்கடை கிடையாது.

கென்யா நைரோபியில முக்குரு குடிசைப் பகுதியிலயும் இதே மாதிரி சானர்ஜிங்கற கம்பெனி ஆரம்பிச்சுது, அங்க சின்ன கடை மாதிரி உள்ளூர் ஆளுங்க டாய்லெட்ட வாங்கி நடத்தினாங்க, கம்பெனி கழிவை எடுத்துக்கிச்சு. பாலித்தீன் கவர்ல போய் கூரை மேல வீசற பழக்கம் இருந்த ஊர் அது.

எருவ வித்து செலவு கட்டுமா?

கட்டாது. இதுல யாராவது லாபம்னு கணக்கு காட்டினா கணக்க திரும்ப பாருங்க. எரு வித்த காசு, மாசக் கட்டணம் ரெண்டும் சேர்ந்தும் சுமந்துட்டுப் போற கூலிக்கும் மக்க வைக்கிற செலவுக்கும் பத்தாது. சாக்கடை மட்டும் என்ன லாபத்துலயா ஓடுது? பாதாள சாக்கடைக்கும் சுத்திகரிப்பு நிலையத்துக்கும் அரசாங்கம் கோடி கோடியா குடுக்குது, அது வசதியான ஏரியாவுக்குத் தான் மொதல்ல போகுது. சாக்கடை இல்லாதவங்க வாளிக்கும் அதே காசுல ஒரு பங்கு கேக்கறது பிச்சை இல்ல. 2014-ல ஆரம்பிச்ச தூய்மை இந்தியா நகர்ப்புறத் திட்டத்துல வீட்டு டாய்லெட்டுக்கு மத்திய அரசு பங்கா 4000 ரூபா குடுத்தாங்க, அது கட்டறதுக்கு. கட்டினதுக்கு அப்புறம் பத்து வருஷம் எடுத்துட்டுப் போறதுக்கு யார் காசுன்னு கேட்டா ஒருத்தரும் வாயத் தொறக்கறதில்ல.

எங்கயாவது தோத்திருக்கா?

நல்லாவே. சீனாவுல உள் மங்கோலியா, எர்டோஸ்ங்கற ஊர்ல ஸ்வீடன் உதவியோட நாலஞ்சு மாடி அபார்ட்மெண்ட்ல 800-க்கு மேல வீட்டுக்கு தண்ணி ஊத்தாத உலர் டாய்லெட் வச்சாங்க, தண்ணிப் பஞ்சம் உள்ள ஊர், மலம் பைப் வழியா கீழ அடித்தளத்துல இருக்குற தொட்டியில விழும், தண்ணிக்கு பதிலா மரத்தூள். காத்து சரியா இழுக்காம வீட்டுக்குள்ள நாத்தம், ஜனங்க சண்டை, 2009-ல எல்லாத்தையும் எடுத்துட்டு ஃப்ளஷ் வச்சுட்டாங்க.

தென்னாப்பிரிக்கா டர்பன்ல வேற மாதிரி. 2000-ல காலரா வந்ததும் ஊரோட வெளிப்பகுதிகள்ல 80,000-க்கு மேல கட்டினாங்க, கட்டடம் எல்லாம் நல்ல கட்டடம் தான். ஆனா அறை நிறைஞ்சா வீட்டுக்காரங்களே எடுத்துப் புதைக்கணும்னு விட்டுட்டாங்க. டவுனுக்குள்ள இருக்கறவனுக்கு ஃப்ளஷ், எங்களுக்கு மட்டும் மண்வெட்டியான்னு ஜனங்களுக்கு கோவம், நெறய பேர் அதுல சாமான் போட்டு வச்சாங்க. அப்புறம் தான் மாநகராட்சியே எடுக்கற வேலைய கையில எடுத்துச்சு. ரெண்டு ஊர்லயும் டாய்லெட் கோப்பைய டிசைன் பண்ண மூளையில கால்வாசிய அப்புறம் என்னாகும்ங்கறதுக்கு செலவு பண்ணியிருந்தா போதும்.

பொம்பளைங்க, வயசானவங்க, கொழந்தைங்க?

நாப்கின் உள்ள போடக்கூடாது, பிளாஸ்டிக் மக்காது, அதுக்கு மூடி போட்ட டப்பா தனியா டாய்லெட்லயே இருக்கணும், அதை எடுக்கவும் ஏற்பாடு வேணும். முட்டி வலிக்கு படி ஏறி, உக்காந்து, நகர்ந்து கழுவறது கஷ்டம், கைப்பிடி வச்சே ஆகணும், முடிஞ்சா ஒன்னாவது மேல உக்கார்ற மாதிரி. கொழந்தைங்களுக்கு அந்த நடு ஓட்டைய பாத்தா பயம், அவங்களுக்கு சின்ன கோப்பை வச்சு சாம்பல் போட்டு பெரியவங்க கொட்டிடலாம். ராத்திரி விளக்கு, உள்பக்க தாப்பா, இது ரெண்டும் இல்லன்னா வேற எது இருந்தும் பொண்ணுங்க வர மாட்டாங்க.

மழை வெள்ளத்துல?

குழியும் செப்டிக் டேங்கும் பொங்கித் தெருவுல மெதக்கும்போது தரைக்கு மேல இருக்கற அறை தப்பிக்கும், பின்கதவு வெள்ள மட்டத்துக்கு மேல இருந்தா. பழைய ஆளுங்க கிட்ட எந்த வருஷம் எவ்ளோ தண்ணி நின்னுச்சுன்னு கேட்டுட்டு அதுக்கு மேல ஒரு அடி ஏத்திக் கட்டணும்.

எங்க ஏரியாவுல கட்டித் தர்றோம்னு ஒரு அமைப்பு வந்திருக்கு. என்ன கேக்கணும்?

இலவசமா வருதுன்னு சந்தோஷப்பட்டு கையெழுத்து போட்டுடாதீங்க. எத்தனை பேர் போவாங்கன்னு வச்சு அறை அளவு போட்டிருக்காங்க, பண்டிகைக்கு ஊர்ல இருந்து ஆள் வந்தா என்னாகும், சாம்பலோ தூளோ யார் கொண்டாந்து தருவாங்க, அதுக்கு காசு எவ்ளோ. நெறஞ்சா யார் எடுப்பாங்க, அவங்களுக்கு சம்பளம் யார் குடுப்பாங்க, ப்ராஜெக்ட் முடிஞ்சு அவங்க போனதுக்கு அப்புறமும் குடுப்பாங்களா, நகராட்சி அதை எழுத்துல ஒத்துக்கிட்டிருக்கா. எரு எந்த எடத்துக்குப் போகுது, அந்த எடத்தைக் காட்டச் சொல்லுங்க. அப்புறம் புதுசா பெயிண்ட் அடிச்ச டாய்லெட்டோட போட்டோவ காட்டுவாங்க, அதை ஓரமா வச்சுட்டு, கட்டி அஞ்சு வருஷம் ஆனது ஒன்னுக்கு கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க, சொல்லாம கொள்ளாம காலைல ஆறரை மணிக்குப் போங்க, கூட உங்க தெரு பொம்பளைங்க ரெண்டு பேரை கூட்டிட்டுப் போங்க, உள்ள போய்ட்டு வந்து அவங்க என்ன சொல்றாங்களோ அதை வச்சு முடிவு பண்ணுங்க.